ஒரு பல் கூடுதல்

கோட்டையை விலைக்கு வாங்கிய வெள்ளைக்காரன்
பீரங்கியை நாலு பக்கமும் திருப்பிச் சுட்டானாம்.
குண்டு விழுந்த தூரம்வரை அவன் ஊர்.
அளவு நாடா இல்லாத காலம் என்பார் நைனா முகமது.
இல்லை, நாடா வைத்திருந்தவர்களிடம்
பீரங்கி இல்லாத காலம் என்பேன் நான்.
அவர் பட்டறைக்கு முதலாளி.
நான் அதன் லேத்துக்கு.

முதுநகரில், உப்பனாற்றங்கரை
ஐஸ் கம்பெனிக்குப் பின்புறம் நிற்கிறது.
எட்டடிப் படுக்கை. பச்சைப் பெயின்ட்.
வார்ப்பிரும்பில் புடைத்த எழுத்து: பட்டாலா.
பஞ்சாபில் ஒரு சின்ன நகரம்,
தெருவுக்குத் தெரு உலை,
கோதுமை அறுத்த கை இருட்டியபின் இரும்பு ஊற்றும்
என்று சொன்னவர் குர்மேஜ் சிங்.
சொன்னது இந்தியில். கேட்டது முதலாளியின் அத்தா.
இடையில் எவ்வளவு உதிர்ந்ததோ.

லாரியோடு வந்து, லேத்தைத் தளத்தில் நிறுத்தி,
மட்டம் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டியவர்.
புயல். பண்ருட்டிப் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர்.
ஒன்பது நாள் தங்கினார்.
சிங்காரத்தோப்பு மணலை ஒரு பிடி அள்ளி
உள்ளங்கையில் இறுக்கி, விரித்து,
உதிர்ந்ததைப் பார்த்துத் தலையாட்டினாராம்:
இந்த மண்ணில் அச்சு நிற்காது.
வலை காயவைத்த பெண்கள்
கடலை விட்டு மண்ணைப் பார்க்கிற ஆளை
அன்றுதான் பார்த்தார்கள்.

நான் வந்தது சுனாமிக்கு ஏழு மாதம் கழித்து.
அஞ்சலாட்சி, சோனாங்குப்பம்,
ஐ.டி.ஐ. டர்னர், வகுப்பில் ஒரே பெண்.
லேத் சேற்றில் கிடந்தது.
பல்சக்கரப் பெட்டிக்குள் நண்டு.
மண்ணெண்ணெயில் நாலு நாள் ஊறப்போட்டேன்.
ஒரு சக்கரம் மட்டும் பிழைக்கவில்லை.

தகட்டில் இருந்த நம்பர் செத்திருந்தது.
விசாரித்து விசாரித்து மூன்றாவதாய்க் கிடைத்த இடத்தில்
ஒரு பெண் எடுத்தாள்.
என் இந்தியை அவளும் அவள் பஞ்சாபியை நானும்
பொறுத்துக்கொண்டோம்.
அந்த மாடல் நிறுத்தியாச்சு, படம் அனுப்பு.
சக்கரத்தின் மேல் காகிதம் விரித்து
அடுப்புக்கரியால் தேய்த்து
(பிள்ளைகள் காசை வைத்துத் தேய்ப்பார்களே, அப்படி)
ரிஜிஸ்டர் தபாலில் போட்டேன்.
இருபத்தாறாம் நாள் வந்தது
உரச் சாக்கில் தைத்த பார்சல்.
கோதுமை உமி ஒட்டியிருந்தது.

உடைந்ததில் முப்பத்தாறு பல்.
வந்ததில் முப்பத்தேழு.

கரி எங்கோ இழுகியிருக்க வேண்டும்.
திருப்பி அனுப்பு என்றார் முதலாளி.
சீசன்; கலியனின் போட் தண்டில்லாமல் கரையில்.
மாட்டினேன்.

அன்றிலிருந்து எங்கள் மரை
ஊர் உலகத்து மரையோடு சேராது.
போல்ட், நட்டு இரண்டையும் நாங்களே வெட்டினால் சம்பந்தம்.
அடுத்த பட்டறை நட்டு
மூன்றாவது சுற்றில் நின்றுவிடும்.
ஆகவே ஒருமுறை வந்தவர் எல்லோரும்
எங்களிடமேதான் வந்தாக வேண்டும்:
தேவனாம்பட்டினத்துப் படகுகள்,
அக்கரைகோரி தனவேல்,
அமிலம் தின்ற பம்ப் தண்டையும் சிப்காட் நாற்றத்தையும்
ஒரே பைக்கில் சுமந்து வரும்
மெயின்டனன்ஸ் ராஜாங்கம்.
இது தொழிலா கொள்ளையா என்பார் அவர்.
காசை எண்ணி வைத்துவிட்டுத்தான் என்பார்.

சரியான சக்கரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை
நானே வெட்டினேன். முப்பத்தாறு பல்.
எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி அலமாரியில் இருக்கிறது.
முதலாளி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு ஒரு டிசம்பர்ப் புயல்.
எந்தக் குண்டும் எட்டாத தூரத்தில்
கோடியக்கரையில் ஒதுங்கியதென்று
போலீஸ்காரர் ஒரு தண்டைக் கொண்டுவந்து போட்டார்.
பலகை இல்லை, பெயர் இல்லை, பெயின்ட் இல்லை.
யாருடையதென்று தெரியுமா?
வாசலில் நின்ற ஆட்டோவிலிருந்து
தனவேலின் மனைவி இறங்கவே இல்லை.

துருவைத் துடைத்தேன்.
எங்கள் நட்டு ஒன்றை எடுத்து வைத்துச் சுற்றினேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றில் நின்றுவிடு என்று
இரும்பிடம் கேட்டேன்.

அது பாட்டுக்குப் போனது,
கடைசி மரைவரைக்கும்.